பங்களா, பங்காளி, கொலை

ஆங்கிலேயரின் மாளிகைக் கொலைக் கதைக்குத் தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீடு. சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் உயிலை மாற்றி எழுதுகிற ஒரு கிழவர். வார இறுதிக்கு வந்து தங்கியிருக்கும் ஏழெட்டுப் பேர். யாரும் வெளியே போகவோ உள்ளே வரவோ முடியாதபடி மழையோ பனியோ. இரவில் ஒரு சாவு, காலையில் ஒரு துப்பறிவாளர், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒரு பிரசங்கம். 1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ இந்த வகைக்கு முன்னோடி. அதில் கொலையைவிடக் களவுதான் பெரிது. களவு போகும் வைரமும் நம் பக்கத்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொள்ளையடித்துக்கொண்டு போனதாகக் கதை. யார்க்‌ஷயர் மாளிகையில் நடக்கும் குற்றத்தின் வேர் திப்புவின் கோட்டைக்குள் கிடக்கிறது. பின்னால் வந்த ஆங்கில எழுத்தாளர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். வீடு நிலைத்தது, அந்த வீட்டைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி போய்விட்டது.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி இந்த வகையை இன்றுவரை விடவில்லை. பிபிசி ‘மூன்ஸ்டோனை’ மட்டும் 1959, 1972, 1996, 2016 என நான்கு முறை எடுத்திருக்கிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன் 1984 முதல் 1992 வரை பன்னிரண்டு நாவல்களில் நடித்தார். ஹெர்க்யூல் பொய்ரோவாக 1989-ல் வேஷம் கட்டிய டேவிட் சூஷே 2013-ல் அதைக் கலைத்தபோது 70 அத்தியாயங்கள் ஆகியிருந்தன. 1939-ல் வெளிவந்த ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலை பிபிசி 2015-ல் மூன்று பாகத் தொடராக மறுபடி எடுத்தது. இத்தனைக்கும் கொலைகாரர் யாரென்று பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே தெரியும். பிறகு எதைப் பார்க்கிறார்கள்? வீட்டைத்தான். அந்தப் படிக்கட்டு, அந்த வெள்ளித் தட்டு, அந்தப் புல்வெளி, கையுறை போட்ட பட்லர். கொலை ஒரு சாக்கு.

ஆட்டத்துக்கு விதிகளும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928-ல் துப்பறியும் கதைக்கென்று இருபது விதிகளை எழுதிவைத்தார். வேலைக்காரரைக் கொலைகாரராக ஆக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அது மிகச் சுலபமான விடையாம். குற்றவாளி கொஞ்சமாவது பொருட்படுத்தத்தக்க ஆளாக இருக்க வேண்டுமாம். கொலை செய்யக்கூட ஓர் அந்தஸ்து வேண்டும் என்கிற இந்த எண்ணத்தில்தான் மாளிகைக் கதையின் மொத்த சமூகவியலும் இருக்கிறது. அது சமமானவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் சீட்டாட்டம். தேநீர் கொண்டுவருபவருக்கு அதில் கை கிடையாது.

இந்தச் சட்டகம் தமிழுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதே இங்கே விஷயம். என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நம் கதைகளில் விருந்தாளி கொலை செய்வது எடுபடுவதில்லை. பங்காளி செய்தால்தான் எடுபடுகிறது. இதைப் புரிந்துகொண்ட படைப்புகள் நின்றன. பியானோவையும் வளைந்த மாடிப்படியையும் மட்டும் இறக்குமதி செய்தவை பழைய சாமான் ஆகிவிட்டன. இன்னொன்று: இந்த வகைக்குத் தமிழில் சொந்த வீடு சினிமா அல்ல, தொடர். முதலில் வாரப் பத்திரிகைத் தொடர், பிறகு தொலைக்காட்சித் தொடர்.

தமிழில் துப்பறியும் எழுத்து ஆங்கிலத்துக்கு அப்படியொன்றும் பிந்தியதல்ல. ச. ம. நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை 1894-லேயே நூலாக்கினார். ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு என்று ஒரு பெரும் படை. ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-ல் வந்து பதிப்பு பதிப்பாக விற்றது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். ‘ராஜாம்பாள்’ 1935-லும் 1951-லும் படமானது. இரண்டாவதில்தான் ஆர். எஸ். மனோகர் அறிமுகமானார். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாகத் திரைக்கு வந்தபோது எம். என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அசத்தினார். இந்தக் காலத்துத் தமிழ்த் துப்பறிவாளர் நாற்காலியில் சாய்ந்து யோசிக்கிறவர் அல்ல. சாமியாராகவும் வண்டிக்காரனாகவும் மாறி ஊர் ஊராகச் சுற்றுகிறவர். பாதி ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸ், பாதி தெருக்கூத்து. மூடிய வீடும் உள்ளே எட்டுச் சந்தேக முகங்களும் என்ற அமைப்பு இன்னும் வரவில்லை.

அதை முதலில் முழுசாகக் கொண்டுவந்தவர் வீணை எஸ். பாலசந்தர். ஏவிஎம் தயாரிப்பில் அவர் இயக்கி 1954 ஏப்ரலில் வெளியான ‘அந்த நாள்’ எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் நெருக்கம். ஜப்பானிய விமானம் சென்னை மேல் குண்டு போட்ட 1943 அக்டோபர் இரவை ஒட்டி நடக்கும் கதை அது. 1914-ல் ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைப் பார்த்த தாத்தாக்களும் யுத்த காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்த அப்பாக்களும் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் குண்டுவீச்சின் மறுநாள் காலையில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே பிணம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. விசாரிக்க வரும் சிஐடி அதிகாரி ஜாவர் சீதாராமன். படத்தை எழுதியவரும் அவரே.

விமர்சகர்கள் இந்தப் படத்தை எடுத்தால் உடனே அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ என்று தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு கதை சொல்லும் உத்தி அங்கிருந்து வந்ததுதான், சரி. ஆனால் அந்த ஆளுக்கொரு கதைக்குள் இருப்பது என்ன? தம்பி தன் பங்கைக் கேட்கிறான், அண்ணன் தர மறுக்கிறான். தம்பி பெண்டாட்டி மேல் தம்பிக்கே சந்தேகம். அண்ணனுக்கு வெளியில் ஒரு பெண் உறவு. பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்ததை ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறார். சப்பான்காரன் குண்டு, ரேடியோ, தேசத் துரோகம் எல்லாம் படத்தின் மேல் தளம். கீழ்த்தளத்தில் ஓடுவது பாகப்பிரிவினை. உண்மையான விடை கடைசியில் ராஜனின் மனைவி உஷாவின் வாயிலிருந்து வரும்போது, பண்டரிபாயின் முகத்தில் துக்கமும் பிடிவாதமும் ஒருசேர நிற்கும். இங்கிலாந்து மாளிகைக் கதையில் கொலைகாரர் பிடிபட்டதும் நிம்மதி திரும்பும். எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள். இங்கே உண்மை வெளியே வந்த பிறகு அந்த வீட்டில் குடியிருக்க யாருமில்லை. எழுபது வருஷம் கழித்தும் தமிழில் இதற்கு நிகரான வீட்டுக் கொலைப் படம் இல்லை என்பது என் தீர்ப்பு. வெளியான சமயம் கல்லா நிறையவில்லை என்பதும் உண்மை. பாட்டில்லாத படமா என்று ஜனங்கள் கோபித்துக்கொண்டார்கள்.

அதே பாலசந்தர் நேரடியாக அகதா கிறிஸ்டியிடமே போனது ‘நடு இரவில்’ படத்துக்காக. ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ தான் மூலம். படம் முடிந்தும் விநியோகஸ்தர் கிடைக்காமல் சில ஆண்டுகள் பெட்டியில் தூங்கி, 1970 தொடக்கத்தில்தான் திரைக்கு வந்தது. அதற்குள் இந்தியில் அதே நாவலைத் தழுவிய ‘கும்நாம்’ 1965-லேயே ஓடி முடித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தமிழ் மனம் எங்கே வேலை செய்கிறது என்பது தெரியும். கிறிஸ்டியின் தீவுக்கு வரும் பத்துப் பேரில் வேலைக்காரத் தம்பதியைத் தவிர யாருக்கும் ஒருவரோடொருவர் சம்பந்தமில்லை. ‘கும்நாமி’லும் அப்படித்தான், முன்பின் தெரியாத பயணிகள். பாலசந்தர் அதை மாற்றினார். தனித்த மாளிகைக்கு வந்து சேர்பவர்கள் எல்லாம் ஒரு பணக்காரரின் சொந்தபந்தம். மேஜர் சுந்தரராஜன் அந்தப் பணக்காரர். அவருடைய சாவை எதிர்பார்த்துச் சொத்துக்காகக் காத்திருக்கும் உறவுக்கூட்டத்தில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கிறிஸ்டியிடம் குற்றவாளிகளைச் சேர்த்துக் கட்டியது அவரவர் பழைய பாவம். பாலசந்தரிடம் ரத்த உறவு. முன்பின் தெரியாத பத்துப் பேர் சாவதைவிடப் பெரியப்பா மகனும் சித்தப்பா மகளும் சாவது நமக்கு அதிகம் உறைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரி. படம் பின்னால் பேர் வாங்கியது.

1967-ல் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய ‘அதே கண்கள்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பங்களா உண்டு, முகமூடி உண்டு, வரிசையாகச் சாவு உண்டு, ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் உண்டு, வேதாவின் இசை உண்டு. ஜாலியான படம், அந்த வீட்டுக்காரர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள் என்று படம் முடிந்து பத்து நிமிஷத்தில் மறந்துபோகும். மூன்று ஆண்டுகள் முந்தைய ‘புதிய பறவை’யில் சிவாஜி சுவரில் முட்டிக்கொண்டு அழுதது மறக்காது. ஆனால் அது துப்பறியும் கதையின் தோல் போர்த்திய சோகக் கதை.

சினிமாவில் இந்த வகை ஏன் திணறியது என்பதற்கு நான் காணும் காரணம் எளிது. சந்தேகப்பட நேரம் வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் எட்டு முகங்களை அறிமுகம் செய்து, ஐந்து பாட்டு வைத்து, நகைச்சுவைக்குத் தனித்தடம் போட்டு, இடைவேளையும் விட்டால் ரசிகருக்கு யோசிக்க எங்கே இடம்? இடைவேளை பத்து நிமிஷத்தில் முறுக்கு வாங்கவே வரிசை. வாரப் பத்திரிகையில் அப்படியல்ல. ‘தொடரும்’ என்று போட்ட பிறகு ஏழு நாள் முழுக்க வாசகர் கையில். காலின்ஸின் ‘மூன்ஸ்டோனே’ சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்ததுதான். தமிழிலும் 1942-ல் தேவன் விகடனில் துப்பறியும் சாம்புவை இறக்கியபோது வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோரும் இதழுக்காக அடித்துக்கொண்டார்கள். எண்பதுகளில் சுஜாதா ‘கொலையுதிர் கால’த்தில் வக்கீல்கள் கணேஷையும் வசந்தையும் ஒரு பழைய பங்களாவுக்கு அனுப்பினார். லீனா என்கிற வாரிசுப் பெண், சொத்தை நிர்வகிக்கும் சித்தப்பா குமாரவியாசன், ராத்திரியில் நடமாடும் ஆவி. பிசாசா, விஞ்ஞானமா என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கோனன் டாயிலின் ‘பாஸ்கர்வில்’ வேட்டைநாயின் சாயல் அதில் உண்டு. ஆனால் வழக்கு என்னவோ மைனர் சொத்து வழக்கு. இரண்டு வக்கீல்களை வைத்து ஒரு மாளிகை மர்மத்தை எழுதினால் அது பாகப்பத்திரத்தில்தான் போய் முட்டும் என்பதை சுஜாதாவைவிடத் தெளிவாக அறிந்தவர் இல்லை.

எங்கள் பக்கம் நடந்த உண்மையான வீட்டுக் கொலை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1952 ஆகஸ்ட் கடைசி வாரம். போட் மெயில் ரயிலில் ஏற்றப்பட்ட ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் கிளம்பி, மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத ஓர் உடல். சென்னையில் காணாமற்போனவர் ஒருவரைத் தேடிய போலீஸ் ராயபுரம் சிமெட்ரி ரோட்டில் ஒரு வீட்டை வந்தடைந்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இறந்தவர் பேனாக் கடை ஓரத்தில் பிளாஸ்டிக் சாமான்களும் தவணைக்குப் புடவையும் விற்றவர். ஆளவந்தார் கொலை வழக்கு என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தானே எழுத்தாளரான ஏ. எஸ். பி. ஐயர் நீதிபதி. அந்த வீட்டில் குடியிருந்த கணவனுக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு தண்டனை. பத்திரிகைகள் சலிக்காமல் எழுதின; நீதிமன்ற வாசலில் கூட்டம் தாங்கவில்லை. இதில் மாளிகை இல்லை, உயில் இல்லை, விருந்தாளி இல்லை. நடுத்தர வர்க்கத்துச் சின்ன வீடு, தவணைக் கடன், ஒரு பெட்டி, ஒரு ரயில், கடல். ஒரு கொலைக் கதைக்கு வேண்டியதெல்லாம் ராயபுரத்திலேயே இருந்தது. ஆனாலும் நம் திரைக்கதை ஆசிரியர்கள் ஊட்டிக்கு வண்டி ஏறினார்கள்.

தொலைக்காட்சிக்கு வருவோம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதன் சொந்தத் துப்பறியும் சாதனை காத்தாடி ராமமூர்த்தி நடித்த ‘துப்பறியும் சாம்பு’. அசட்டு அதிர்ஷ்டத்தால் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் சாம்பு, ஹோம்ஸ் வகையையே கேலி செய்பவர். காத்தாடியின் முழி அதற்கென்றே அமைந்தது. தில்லியிலிருந்து 1985-ல் கேரட் கடிக்கும் ‘கரம்சந்த்’ வந்தார். 1993-ல் பாசு சாட்டர்ஜியின் ‘வியோம்கேஷ் பக்ஷி’ வந்தார். இந்தி புரியாத வீடுகளிலும் ரஜித் கபூரின் வேட்டியைப் பார்த்து ‘நம்மாளு மாதிரி இருக்கானே’ என்றார்கள். வங்காளத்துக் கூட்டுக் குடும்ப வீடும் நம்முடையதும் ஏறத்தாழ ஒரே வரைபடம் என்பதால் கொலை புரிந்தது, வசனம் புரியாவிட்டாலும்.

தமிழில் அசல் மாளிகை மர்மம் என்று நான் கருதுவது அடுத்து வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ வரிசை. ‘ரகசியமாய் ஒரு ரகசியம்’ அதில் முதலாவது. நாகா இயக்கி, 1997-ல் சன் டிவியில் தொடங்கிய ‘விடாது கருப்பு’ உச்சம். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் மூலம். தோட்டக்காரமங்கலம் என்றொரு ஊர். தப்பு செய்பவனை ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமி குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்புகிறது. சாவுகளும் அதற்கேற்பவே விழுகின்றன. நகரத்திலிருந்து மருத்துவப் படிப்பும் பகுத்தறிவுமாக வருகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கதை நிகழ்காலத்துக்கும் பழைய காலத்துக்குமாகத் தாவித் தாவிப் போகும். அந்த ஊரில் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டில் பணத்தைப் பூதம் மாதிரிக் காக்கும் பேச்சிக் கிழவி, கிழவியைச் சுற்றி எப்போது கண்ணை மூடுவாள் என்று காத்திருக்கும் உறவு. கிறிஸ்டிக்குத் தேவைப்பட்ட எல்லாமே இங்கே உண்டு. உயில் மட்டும்தான் இல்லை. கிழவி எதையும் எழுதிக் கொடுக்கிற ரகமில்லை.

நாகா செய்த காரியத்தின் கெட்டிக்காரத்தனம் துப்பறிவாளரின் இடத்தில் யாரை நிறுத்தினார் என்பதில் இருக்கிறது. ஆங்கிலக் கதையில் துப்பறிவாளர் லண்டனிலிருந்து ரயிலேறி வருவார். வீட்டுக்குச் சம்பந்தமில்லாத அந்நியர் என்பதே அவருடைய தகுதி. இங்கே விசாரிப்பதும் தீர்ப்பு சொல்வதும் தண்டிப்பதும் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் தெய்வம். அவருக்கு வீட்டுக்குள் இடமில்லை. பல ஊர்களில் பெரிய வீட்டுக்காரர்களைவிட அந்த வீட்டில் வேலை செய்தவர்களுக்குத்தான் அவர் முதல் சாமி. வான் டைன் கதவுக்கு வெளியே நிறுத்திய ஆட்களின் நியாயம் குதிரையேறி உள்ளே வருகிறது. சாமியா, மனிதரா என்ற கேள்விக்குத் தொடர் கடைசியில் மனநோய் மருத்துவத்தின் பக்கம் நின்று ஒரு விடை சொல்கிறது. அது என்ன என்பதை இங்கே எழுதினால் பார்க்காதவர்கள் திட்டுவார்கள். அந்த விடை எனக்கு முழுத் திருப்தி இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அத்தனை வாரம் கருப்பனைக் காட்டிவிட்டு ஒரு நோயின் பெயரைச் சொல்லி முடிப்பதில் ஏதோ அவசரம் தெரிந்தது. சேத்தனும் தேவதர்ஷினியும் நன்றாக நடித்தார்கள். பட்ஜெட் பற்றாக்குறை பல இடங்களில் பல்லைக் காட்டும். ஒளி போதாமல் இருட்டில் எடுத்த காட்சிகள் அந்தப் போதாமையாலேயே பயமாக வந்திருப்பது வேறு கதை.

வாரம் ஒருமுறை வந்த அந்தத் தொடரை மீஞ்சூரில் பார்த்த அனுபவத்துக்கு ரயிலும் சேர்ந்தது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டம் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறும். எண்ணூர் லேலண்டுக்குப் போகிறவர், அனல்மின் நிலையத்துக்குப் போகிறவர், பாரிமுனை மொத்தக் கடைக்குப் போகிறவர். நந்தியம்பாக்கத்தில் ஒருவர் ஆரம்பிப்பார்: “இன்னாப்பா, நேத்து பாத்தியா? எனுக்கு அந்த கெய்வி மேலதாம்பா டவுட்டு.” அத்திப்பட்டில் ஏறியவர் மறுப்பார்: “அட நீ வேற. கெய்வி கால்ல நடக்கவே முடில, அது எங்க குதர ஏறப்போவுது?” அடுத்த நிலையத்தில் இன்னொருவர் நுழைந்து, சாமிதான் செய்கிறது, டாக்டர் பொண்ணு வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போகட்டும் என்பார். எண்ணூரில் பாதிப் பெட்டி காலியானாலும் பேச்சு விம்கோ நகர் வரை போகும். எங்கள் பக்கம் கருப்பனைவிட முனீஸ்வரனுக்கும் அம்மனுக்கும்தான் செல்வாக்கு. இருந்தாலும் மதுரைப் பக்கத்துச் சாமியை அந்த ஒரு வருஷம் வடக்கே எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். பிரிட்டனில் சூஷேயைத் தனித்தனிச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். இங்கே துப்பறிந்தது ஒரு ரயில் பெட்டி.

தொலைக்காட்சித் தொடர் பிறகு மாமியார்–மருமகள் சூழ்ச்சியில் இறங்கியது. ஒரு வகையில் அதுவும் பெரிய வீடு, பூட்டிய கதவு, பாலில் விஷம் என்று மாளிகை மர்மத்தின் மிச்சசொச்சத்தைத்தான் தின்று கொழுத்தது. யார் விஷம் வைத்தது என்று முதலிலேயே காட்டிவிடுவதால் மர்மம் மட்டும் போயிற்று. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) இதைத்தான் அழகாகத் திருப்பிப் போட்டது. புது பிளாட்டுக்குக் குடிவந்த கூட்டுக் குடும்பம். மதியம் ஒரு மணிக்கு ஓடும் சீரியலில் வருவதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கிறது. கடைசியில் சீரியல் வழியே பழைய கொலைகள் வெளியே வருகின்றன. டிவியே சாட்சி சொல்லும் வீட்டுக் கொலை. ‘அந்த நாளு’க்கு அடுத்த இடத்தை இதற்குத் தருவேன்.

இணையத் தொடர்கள் வந்த பிறகு கதவு மறுபடி திறந்தது. இந்தியில் விஷால் பரத்வாஜ் 2023-ல், கிறிஸ்டி 1931-ல் எழுதிய ‘தி சிட்டஃபோர்ட் மிஸ்டரி’யை ‘சார்லி சோப்ரா’ என்று ஆறு அத்தியாயங்களாக எடுத்தார். நாவலின் டார்ட்மூர் பனி இமாசலத்து சோலாங் பனியானது; ஆவியை வரவழைக்கும் மேசை அப்படியே வந்தது. வாமிகா கப்பி கேமராவைப் பார்த்துப் பேசுவது கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது. ஊர் மாறியதே தவிர உறவு மாறவில்லை என்பதால் மனசில் ஒட்டவில்லை. தமிழில் அதைவிட நல்ல காரியங்கள் நடந்தன. ‘நவம்பர் ஸ்டோரி’ (2021) குற்றக் கதை எழுதிப் பேர் வாங்கிய ஒருவரை ஞாபகமறதி நோயாளியாக்கி, விற்பனைக்கு நிற்கும் அவருடைய பழைய வீட்டில் ஒரு பெண்ணின் பிணத்தைக் கிடத்தியது. கதை எழுதியவருக்கே கதை மறந்துபோன நிலை, ஜி. எம். குமார் அதை உடம்பால் நடித்தார். பின்பாதி இழுவை. ஆண்ட்ரூ லூயிஸின் ‘வதந்தி’ (2022) கன்னியாகுமரிப் பக்கம் ஒரு லாட்ஜை மூடிய வீடாக்கியது. எட்டு அத்தியாயங்களில் மூன்றைக் குறைத்திருக்கலாம்.

புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’ தனியாகப் பேச வேண்டியது. 2022 ஜூனில் வந்த முதல் பருவம் ஒரு சிமென்ட் ஆலை ஊரில் தொடங்குகிறது. ஆலை தீப்பிடிக்கிறது, தொழிற்சங்கத் தலைவர் மேல் சந்தேகம், அதே இரவில் அவருடைய மகளைக் காணோம். பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. வேலைநிறுத்தம், சங்கக் கொடி, ஆலை முதலாளியின் பங்களா என்று போகும் கதை, வில்லன் பங்களாவில் இருப்பான் என்று நம்மை எதிர்பார்க்க வைத்துவிட்டு மெதுவாகத் தொழிலாளி வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. ஆலை வாசலில் எத்தனை காவல் போட்டாலும் குழந்தைக்கு ஆபத்து சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்லத் தமிழ்த் திரைக்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவம் இன்னும் நேரடியாகப் பழைய சட்டகத்தைத் தொட்டது. காளிபட்டணம் என்ற கற்பனைக் கடற்கரை ஊர். கடலோர வீட்டில் வக்கீல் செல்லப்பா சுடப்பட்டுக் கிடக்கிறார். அறை உட்பக்கம் பூட்டியிருக்கிறது. உள்ளே அலமாரியில் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். அவள் கையில் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, வெவ்வேறு ஊர்களில் பெண்கள் வரிசையாகப் போய் ‘நான்தான் கொன்றேன்’ என்று சரணடைகிறார்கள். மாளிகைக் கதையில் எல்லோரும் ‘நானில்லை’ என்பார்கள். இங்கே எல்லோரும் ‘நான்தான்’ என்கிறார்கள். நூறு வருஷத்துப் பழைய பூட்டிய அறைக்கு இப்படியொரு திருப்பம் தமிழில் வந்ததில் எனக்குப் பெருமைதான். முதல் பருவத்தின் இறுக்கம் இதில் இல்லை என்றாலும்.

ஆனால் இணையத் தொடரின் எட்டு அத்தியாயத்தையும் ஒரே நள்ளிரவில் அவிழ்த்து விடுகிறார்கள். ஒருவர் விடியற்காலைக்குள் முடித்துவிடுகிறார், இன்னொருவர் இரண்டாவதில் நிற்கிறார், மூன்றாமவர் கடைசியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டார். வண்டியில் யாரும் யாரிடமும் பேச முடியாது. வாயைத் திறந்தால் ‘சொல்லிடாதே’ என்கிறார்கள். கொலைகாரரைக் கண்டுபிடிக்கும் உரிமை பார்ப்பவரிடமிருந்து பறிபோய்விட்டது. தொடர் என்று பெயர்தான், தொடர்வதற்கு இடைவெளி இல்லை. இந்த விஷயத்தில் இன்றைய நிறுவனங்களைவிட அன்றைய வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு வாசகரின் மூளை மேல் மரியாதை அதிகம்.

தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வடசென்னை என்றால் அரிவாள், கேரம்போர்டு, குத்துச்சண்டை என்று இருபது வருஷமாக ஒரே கணக்கைப் போடுகிறீர்கள். இங்கே வீடுகளும் இருக்கின்றன. எண்ணூரில் வெள்ளைக்காரர்கள் ஒருகாலத்தில் ஓய்வுக்கு வந்து தங்கிய பங்களாக்களின் கதை இருக்கிறது. 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் குடியிருப்பு இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தபின் நிலத்தின் விலை ஏறி, அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாத வீடுகள் மீஞ்சூரைச் சுற்றி எத்தனையோ. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஒரு முகூர்த்த நாள் காலை நின்று பார்த்தால் கிறிஸ்டியின் பத்து நாவலுக்குச் சந்தேக முகங்கள் கிடைக்கும். டார்ட்மூர் பனிக்குப் பதிலாக டிசம்பர் புயலில் பழவேற்காடு சாலை துண்டிக்கப்பட்டால் போதும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ‘விடாது கருப்பு’ கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவன யூடியூப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் பாருங்கள், மறுநாள் பக்கத்தில் உட்காருபவரிடம் உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள்.